பயிற்சியும் பத்தியமும் – வளர்ச்சி பின்தங்கிய பிள்ளையை வளர்க்கும் தம்பதியருக்கு



குடும்ப நலத் துறை என்று சொன்னதும், "ஆபரேஷன் பற்றிப் பேச வந்துட்டாங்க" என்று பின்வரிசையில் சிலர் எழுந்து போவது எனக்குப் பழக்கம்தான். இன்றைக்கு உட்காருங்கள். பிறந்த பிள்ளையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அதிலும், மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது திண்ணையிலேயே கிடக்கிற பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, நாலு வயதாகியும் "அம்மா" என்று சொல்லாத பிள்ளை, அடிக்கடி வலிப்பு வருகிற பிள்ளை, இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கான பேச்சு இது. அப்படிப் பிள்ளை இல்லாதவர்களும் கேட்கலாம். உங்கள் தெருவில் ஒரு வீடாவது இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். இந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாயிடம் ஊர் கேட்கிற கேள்வி எல்லாம் எனக்குத் தெரியும். கிரகணத்தில் வெளியே போனாயா, எந்தச் சாமிக்கு வேண்டுதல் பாக்கி, யார் கண் பட்டது என்பார்கள். காரணம் இதெல்லாம் இல்லை. பிரசவத்தின்போது பிள்ளைக்கு மூச்சு கிடைக்காமல் போனது, மாதம் முடியுமுன் பிறந்தது, பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்கியது, மூளைக் காய்ச்சல், தைராய்டு சுரப்புக் குறைவு, பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு என்று காரணங்கள் பல உண்டு. பல பிள்ளைகளுக்கு டாக்டரால்கூடக் காரணம் சொல்ல முடியாது. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் சில மரபணுக் கோளாறுகள் வருகிற வாய்ப்பு கூடும். அப்போதும் அதில் கணவன் பங்கு சரிபாதி. மருமகளை மட்டும் குற்றவாளி ஆக்குவதற்கு விஞ்ஞானத்தில் இடமே கிடையாது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? நாலு மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டால், ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காவிட்டால், ஒன்றரை வயதில் நடக்காவிட்டால், ஒரு வார்த்தையும் வராவிட்டால், காட்டிவிட வேண்டும். "அவங்கப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்று பாட்டி சொல்லுவார்கள். பாட்டி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் காட்டுவதில் நஷ்டம் இல்லை. முதல் மூன்று வருஷத்தில் மூளை வேகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் கொடுக்கிற பயிற்சிக்குப் பலன் அதிகம். பிறந்தவுடன் தைராய்டு குறையைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் மந்தபுத்தி வராமலே தடுக்கலாம். காது கேட்காத பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செவிக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும். ஆறு தாண்டிய பிறகு வந்து அழுதால் யார் என்ன செய்ய முடியும்?

எங்கே காட்டுவது? 2013-ம் வருஷத்திலிருந்து தேசிய சிறார் நலத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. ஒரு டாக்டரும் நர்சும் வண்டியில் வந்து, அங்கன்வாடியில் வருஷத்துக்கு இரண்டு தடவையும் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையும் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அந்த நாளில் குறையுள்ள பிள்ளையை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு நல்ல பிள்ளையை மட்டும் அனுப்புகிற வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அனுப்ப வேண்டிய பிள்ளையே அதுதான். அவர்கள் சீட்டுக் கொடுத்து மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை டாக்டர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது கண் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்பட்ட மையம் அது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-ல் நம் மாவட்டம் உண்டானது. 2022-ல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. முன்பெல்லாம் இதற்காக விழுப்புரமும் பாண்டிச்சேரியும் அலைந்தோம்.

ஆனால் மலையில் இருப்பவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதது இல்லை. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து திரும்பினால் ஒரு நாள் போய்விடும். தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் அன்றைய கூலி இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் பஸ் ரோட்டுக்கு நடக்க வேண்டிய குக்கிராமமும் இருக்கிறது. இதனால் மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அரைமணிப் பயிற்சியை மட்டும் நம்பக் கூடாது. மீதி இருபத்தொன்பது நாளும் வீடுதான் ஆஸ்பத்திரி.

இது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி என்கிற கிராமத்தைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவர் 1981-ல் தன் கிராமத்திலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டு என்று ஐ.நா. அறிவித்த வருஷம் அது. இன்று அந்தச் சங்கத்தின் ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் பிள்ளைகளின் வீட்டுக்கே போய், தாய்க்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கடல் கடந்தும் இப்படித்தான். மெக்சிகோ தேசத்தில் அஹோயா என்ற மலைக்கிராமத்தில் ஊனமுற்ற கிராமத்தவர்களே ஒரு பயிற்சி நிலையம் நடத்தினார்கள். காட்டு மரத்தையும் பழைய டயரையும் வைத்து நாற்காலியும் ஊன்றுகோலும் செய்தார்கள். அவர்கள் கூடவே இருந்த டேவிட் வெர்னர் அதையெல்லாம் படம் போட்டு 1987-ல் புத்தகமாக எழுதினார். உலகம் முழுக்கக் கிராமத்து ஊழியர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். நம் கல்வராயன் மலையில் மூங்கிலுக்கா பஞ்சம்?

வாசலில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மூங்கிலை இணையாகக் கட்டினால், நடை பழகுகிற பிள்ளைக்குக் கைப்பிடி ஆயிற்று. நம் தச்சர் செய்கிற மூன்று சக்கர நடைவண்டி இருக்கிறதே, அது அருமையான சாதனம். பிள்ளை தன் காலில் நின்று தானே தள்ளுகிறது. வண்டி முன்னால் சாயாமல் இருக்க ஒரு செங்கல்லை அதன் மேல் கட்டி விடலாம். கடையில் விற்கிற, உள்ளே உட்கார வைத்து உருட்டுகிற பிளாஸ்டிக் வாக்கர் வேண்டாம். அதில் பிள்ளை நுனிக்காலால் எத்திப் பழகும். படியில் உருண்டு விழுவதும் உண்டு.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலைத் தூளி பிள்ளையைச் சமாதானப்படுத்தும், தூங்க வைக்கும். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கைகால் விறைப்பான பிள்ளையை, வேலைக்குப் போகிற அவசரத்தில் பகல் முழுக்கத் தூளியில் போட்டுவிட்டால், முதுகு வளைந்து இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு நீட்ட வராது. அப்படிப்பட்ட பிள்ளையை அரைமணிக்கு ஒரு தடவை நிலை மாற்ற வேண்டும். சுவர் மூலையில் இரண்டு பக்கமும் தலையணை வைத்து உட்கார வைக்கலாம். குப்புறப் படுக்க வைத்து, நெஞ்சுக்கு அடியில் சுருட்டிய போர்வை வைத்து, எதிரே ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினால் தலையைத் தூக்கப் பார்க்கும். விறைத்த காலை வேகமாக இழுக்கக் கூடாது. மெதுவாக நீட்டி, இருபது எண்ணும் வரை பிடித்து, மெதுவாக விட வேண்டும். எண்ணெய் தேய்த்துவிடுவதில் தவறில்லை. 'உரம் எடுக்கிறேன்' என்று தலைகீழாகத் தூக்கிக் குலுக்குவது, சூடு போடுவது, நாக்கில் எதையாவது தேய்ப்பது ஆகியவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கைக்குப் பயிற்சி வேண்டுமா? அடுப்படியே போதும். களிமண் பிசைவது, மாவு உருட்டுவது, கீரை ஆய்வது, துணி பிழிவது எல்லாம் பயிற்சிதான். சின்ன விதைகளைக் கொடுத்துவிட்டு நகர்ந்து போகாதீர்கள். மூக்கிலும் தொண்டையிலும் போய்ச் சிக்கும். பேச்சுக்கு, நீங்கள் செய்கிற வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "தண்ணி மொள்றேன், பானையில ஊத்தறேன்" என்று. போனில் பாட்டைப் போட்டுக் கையில் கொடுப்பது பேச்சுப் பயிற்சி ஆகாது. கேட்கிற பிள்ளைக்கு எதிரே ஒரு முகம் வேண்டும்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். இதில்தான் அதிகமாகத் தப்பு நடக்கிறது.

மலையில் ஒரு தம்பதி. பிள்ளைக்கு நாலு வயது. பேச்சு வரவில்லை, ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிள்ளை திடீரென்று கத்தும், தலையைச் சுவரில் மோதும், கழுத்தைப் பிறாண்டும். வியாதியின் குணம் என்று சிலர், காத்து கருப்பு என்று சிலர். அந்தப் பையனின் தகப்பன் அதிகம் படிக்காதவர். ஆனால் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், பிள்ளை சாப்பிட்டதையும் கத்தின நேரத்தையும் ஒரு மாதம் குறித்து வைத்தார். சேர்த்துப் பார்த்தபோது, கத்தின நாளெல்லாம் மல்லாட்டைத் துவையல் அல்லது மல்லாட்டை உருண்டை சாப்பிட்ட நாள். வாய் அரிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு என்ன செய்யும்? டாக்டர் பரிசோதித்து மல்லாட்டை ஒவ்வாமை என்று உறுதி செய்தார். அதை நிறுத்திய பிறகு அந்தக் கூச்சல் நின்றது. ஆட்டிசம் போய்விடவில்லை, பேச்சுப் பயிற்சி இன்னும் நடக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை அனுபவித்த ஒரு வேதனை தீர்ந்தது.

ஒவ்வாமை என்றால், மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கிற ஆகாரத்தை ஒருவர் உடம்பு விஷம்போல எதிர்ப்பது. பால், முட்டை, மல்லாட்டை, கோதுமை, எள், முந்திரி, மீன், இறால், சோயா ஆகியவற்றில் அதிகம் வரும். சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல் வரும். மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், பிள்ளை துவண்டால் அது ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்த நிலையில் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு ஓடி நடக்க வைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். இப்படி ஒரு தடவை வந்த பிள்ளைக்கு "கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போமே" என்று வீட்டில் சோதனை வேண்டவே வேண்டாம்.

டாக்டர் ஒரு பொருளை நிறுத்தச் சொன்னால், அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். கோதுமை கூடாது என்றால் சப்பாத்தி மட்டும் இல்லை. ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், பன், பரோட்டா எல்லாமே கோதுமைதான். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்; சாம்பாரில் போட்டால் போச்சு. அங்கன்வாடி சத்துமாவு பையின் மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கும், படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாவு மில்லில் நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், நம் கேழ்வரகில் அது கலந்துதான் வரும். காலையில் முதல் ஆளாகப் போய் அரைக்கலாம். இல்லாவிட்டால், வீட்டுப் பரணில் கிடக்கிற ஏந்திரக் கல்லைக் கழுவி இறக்குங்கள். அதற்கும் ஒரு காலம் வந்துவிட்டது.

மல்லாட்டை ஒவ்வாத பிள்ளைக்குச் செக்கு மல்லாட்டை எண்ணெயும் ஆகாது. பசும்பால் ஒவ்வாத பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்று மலையில் எல்லோரும் கேட்பார்கள். கூடாது. இரண்டிலும் புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. எருமைப்பாலும் அப்படியே. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

அந்தப் பிள்ளையின் ஆகாரத்தை முதலில் சமைத்து எடுத்து மூடி வைத்துவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்குச் சமையுங்கள். கரண்டியும் தட்டும் தனியாக இருக்கட்டும், ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்தால் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள். சிறப்பாகச் சமைக்க வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். நம் மலைச் சாமையிலும் தினையிலும் கேழ்வரகிலும் கோதுமைப் புரதம் கிடையாது. சாமை மூன்று பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு வறுத்து, குழைய வேகவைத்து, முருங்கைக்கீரையும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் சேர்த்தால் பால் இல்லை, கோதுமை இல்லை, மல்லாட்டை இல்லை, வயிறு நிறையும். பால் நிறுத்தின பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டுமே? 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, பசும்பாலில் சுமார் 120 தான். பாலில் உள்ளதுபோல் கேழ்வரகில் உள்ளது முழுக்க உடம்பில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் கீரையும், ஒத்துக்கொண்டால் முள்ளோடு தின்கிற சின்ன மீனும் சேருங்கள். மரவள்ளிக்கிழங்கு பசி ஆற்றும், புரதம் கொடுக்காது. அதையே மூன்று வேளையும் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது தோலை உரித்து, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்தால் கஞ்சி நீர்த்து இறங்கும். கூடுதல் மாவு போட்டாலும் கெட்டியாகாது, கொஞ்சம் குடித்தாலே தெம்பு கிடைக்கும். மெலிந்த பிள்ளைக்கு இது நல்லது. ஆனால் விழுங்கும்போது புரையேறுகிற பிள்ளைக்கு நீர்த்த கஞ்சி ஆபத்து, நெஞ்சில் இறங்கிச் சளிக் காய்ச்சல் வரும். அந்தப் பிள்ளைக்கு முளைகட்டாத மாவில், கரண்டியிலிருந்து மெதுவாக விழுகிற பதத்தில் கூழாகக் கொடுங்கள். மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவது கூடவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்க, சின்னக் கரண்டியால் ஒவ்வொரு வாயாக ஊட்ட வேண்டும். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

"பாலும் கோதுமையும் நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகும்" என்று போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது நிரூபணம் ஆகவில்லை. ஒவ்வாமை இருப்பதாக டாக்டர் சொன்னால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஏற்கனவே நாலு பண்டம் மட்டும் தின்கிற பிள்ளையின் தட்டிலிருந்து இரண்டை நீங்களே பிடுங்குகிறீர்கள். வெள்ளைச் சோறும் முறுக்கும் மட்டுமே தின்கிற பிள்ளைக்கு, தட்டு ஓரத்தில் ஒரு விரல் அளவு புதுப் பண்டம் வையுங்கள், தினம் வையுங்கள், திணிக்காதீர்கள். தொடுவதற்கே இரண்டு வாரம் ஆகலாம். அதற்கு அவசரப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

பள்ளிக்கூடத்திலும் சொல்லி வையுங்கள். காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா உப்புமா வருகிற நாள் உண்டு. மதியச் சத்துணவில் முட்டை உண்டு. சமைக்கிற அம்மாவிடமும் டீச்சரிடமும் நேரில் போய்ச் சொல்லி, எழுதியும் கொடுங்கள். திருவிழாவில் யாராவது பிரியமாகப் பொரி உருண்டை கொடுப்பார்கள். அக்கா தம்பிகளுக்கும் சொல்லிக் கொடுத்து வையுங்கள். முட்டை ஒவ்வாத பிள்ளைக்கும் தட்டம்மைத் தடுப்பூசி போடலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரும்பு, சாவி, செருப்பு எதுவும் வேண்டாம்; வாயில் கரண்டி வைக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் 108. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வெளியூருக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள், திரும்புகிற நாள் வரைக்கும் மாத்திரை வாங்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இப்போது கணவன்மார்களுக்கு. இப்படி ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், "சீக்கிரம் ஒரு நல்ல பிள்ளை பெத்துக்கோ" என்று ஆறு மாதத்திலேயே நெருக்குவார்கள். அந்தத் தாய் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டே இன்னொன்றை வயிற்றில் சுமந்தால், இரண்டுக்கும் பயிற்சியும் இல்லை, பாலும் இல்லை. மூன்று வருஷமாவது இடைவெளி விடுங்கள். அதற்குக் காப்பர்-டி, ஊசி, மாத்திரை, நிரோத் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த பிள்ளைக்கு முன்னால் டாக்டரிடம், இந்தக் குறை மறுபடி வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலதுக்குப் பரிசோதனை இருக்கிறது. அடுத்த பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சியில் பாதி உங்கள் பங்கு. சாயங்காலம் டீக்கடையில் போகிற ஒரு மணியில் அரைமணி நேரம் போதும், பிள்ளையின் காலை நீட்டிவிடலாம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். 2016-ம் வருஷச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் அதில் உண்டு. அறிவுத்திறன் குறைந்த பிள்ளைக்கும், கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வருவார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

முகாமுக்கு வரும்போது ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் போட்டோ நாலு, தடுப்பூசி அட்டை, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தின்பண்டத்தில் சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் குறித்து வைத்த காலண்டர் தாளையும் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், முகாமில் கொடுக்கிற பன்னில் கோதுமையும் பாலும் இருக்கும்.